அனுமதி பெறாத இருமல்

பழைய படங்களின் ஒலியைப் புதுப்பித்து வீட்டுத் திரைகளுக்கு வழங்க ஒரு துறை இருந்தது. ஒரு ஸ்பீக்கரில் கேட்ட படத்தை ஆறு ஸ்பீக்கரில் கேட்டால் மக்கள் ஆறு மடங்கு மகிழ்வார்கள் என்பது அதன் கொள்கை. கணக்கு சரிதானே, யார் என்ன சொல்ல முடியும்?

அங்கே ஒலிக்கலவை செய்பவரிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்து சேர்ந்தது. அதில் கதாநாயகி கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பாள். அந்த அமைதியில் பின்னால் எங்கோ ஒருவர் இருமுவார். இருமியவர் அந்தப் படத்தின் லைட்மேன், கலவைக்காரரின் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பலவாயிற்று. அவர் விட்டுப்போன சத்தம் அது ஒன்றுதான். அம்மா அந்தப் படத்தைப் பார்ப்பதே அதற்காகத்தான். பார்த்துப் பார்த்து வீட்டுக் கேசட் தேய்ந்தே போயிற்று.

அதிகாரி படிவத்தோடு வந்தார். ஆறு ஸ்பீக்கருக்கும் ஆறு கட்டம், எதுவும் காலியாக இருக்கக் கூடாது.

“இந்த ஒரு நிமிஷம் ஆறுமே சும்மா இருக்கே?”

“அமைதி சார். அவ அழப் போறா.”

“தாராளமா அழட்டும். அதுவரைக்கும் ஸ்பீக்கர் என்ன பண்ணும்?”

ஆகவே இடப்பக்கம் மழை, வலப்பக்கம் குதிரை, பின்னால் ரயில் என்று முடிவாயிற்று. திரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ‘மேற்படி இருமல் உரிய அனுமதியின்றி நிகழ்ந்துள்ளது’ என்று எழுதி அதை நீக்கினார்கள். கலவைக்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

“இருமினவர்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க.”

“அவர் செத்துட்டார் சார்.”

“அப்புறம் எதுக்கு இருமணும்?”

ஒரே படத்துக்கு இரண்டு ஒலி இருந்தால் குழப்பம் என்று மூல நாடாவையும் அழித்துவிட்டார்கள். புதுப் பதிப்பை அம்மா வீட்டில் பார்த்தாள். இருமல் வரவேண்டிய இடத்தில் குதிரை கனைத்தது. ரிமோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் காற்று திசை மாறியது. பழசுதான் அசல் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ‘அசல் ஒலிப் பதிப்பு’ உடனே தேவை என்று துறை ஆணையிட்டது. நாடாதான் இல்லையே? கலவைக்காரர் மழையையும் குதிரையையும் ரயிலையும் களைந்து, ஆறையும் ஒன்றாக நசுக்கி, மேலே கொஞ்சம் கரகரப்பைத் தூவினார். கடைசியில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக் முன்னால் நின்று தானே இருமினார்.

ரசிகர்கள் உருகிப்போனார்கள். அந்தக் காலத்து இருமலே தனி என்று ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுதினார். அதிகாரியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

கலவைக்காரர் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டார். இருமல் வந்தது. அம்மா திரும்பி, அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

“சளி பிடிச்சிருக்காடா உனக்கு?” என்றாள்.