நம்ம மிஷின்ல ஓடிச்சே!

பாம்பில் பல வகை உண்டு. பல்லியிலும் உண்டு. கம்ப்யூட்டர் ஆசாமிகளில் ஒரு வகையை வில்லியனூரில் கண்டேன், வாசகரே. 'நம்ம மிஷின்ல ஓடிச்சே' என்று கத்தும், அதுதான் அடையாளம். கடிக்காது. தப்பை ஒப்புக்கொள்ளாது.

நாம் எழுதும் புரோகிராமை மிஷினின் பாஷைக்கு மாற்ற வேண்டும். மிஷினுக்கு மிஷின் பாஷை வேறு. இந்த மிஷினில் உட்கார்ந்தபடியே அந்த மிஷினின் பாஷைக்கு மாற்றித் தரவும் வழி இருக்கிறது. அந்த மிஷின் என்ன ரகம் என்று முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கரும்பையே ரகம் கேட்டுத்தானே நடுகிறோம்? நம் ஆசாமி கேட்பாரா?

தனிஸ்லாஸ் கேட்கவில்லை. எண்பத்தேழில், ஒரே ஒரு மிஷினை வைத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்த அவர், ஏம்பலம் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குள் எந்தக் கரும்பு வண்டி எப்போது நுழையலாம் என்று முறை சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதி, தன் மிஷினில் ஓட்டி, அது ஓடிய அழகில் தானே சொக்கி, அதை ஏற்றிய ஃப்ளாப்பிக்கு மாதா கோயில் பங்குச் சாமியாரின் ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டுபோய் ஆலை மிஷினில் போட்டார். அது வேறு ரகம். புரோகிராம் அதில் மூச்சு விடவில்லை.

மிஷின் முறை சொல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. வெளியே முதல் வண்டி கரும்பு விவசாயி சின்னப்பிள்ளையுடையது. வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் எடையும் போகும், சாறும் போகும்.

"இன்னா தம்பி, கதவு தொறக்குமா?"

"நம்ம மிஷின்ல ஓடிச்சே, பெரியவரே!"

"என் கரும்பு காயுதுபா."

"கோளாறு ஆலை மிஷின்லதான். வாங்க, காட்டறேன்!"

ஸ்கூட்டரில் ஏற்றி வில்லியனூருக்கே கொண்டுபோய்க் காட்டினார். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: முதல் வண்டி, சின்னப்பிள்ளை.

"பாத்தீங்களா? ஓடுது!"

"ஓடுதுபா. கரும்பு அங்க நிக்குதே." சின்னப்பிள்ளை மிஷினை மேலும் கீழும் பார்த்தார். "இதுலதான் ஓடும்னா, இதுலியே என் கரும்பப் புழிஞ்சி குடு."

தனிஸ்லாஸ் வாய் திறப்பதற்குள், பெரியவர் பிளக்கைப் பிடுங்கி, மிஷினைத் தலைத்துண்டில் மூட்டை கட்டி, டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டார். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். ஆலையில் அது ஓடியது. கதவு திறந்தது. கரும்பு உள்ளே போனது.

பின்னாலேயே ஓடிவந்த தனிஸ்லாஸ் வெட்கப்பட்டாரா? "சொன்னேன்ல? புரோகிராம்ல தப்பே இல்ல!"

அந்த வருஷத்துக் கரும்பு அரவை முடியும்வரை ஆலைக்காரர்கள் அவர் மிஷினைத் திருப்பித் தரவில்லை. வகுப்பில் மாணவர்கள் அட்டையில் கீபோர்டு எழுத்து வரைந்து தட்டிப் பழகினார்கள்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் சம்பந்தி வீட்டில் சுட்ட அதிரசம் எண்ணெயிலேயே பிரிந்துபோனதாமே? அப்போது என்ன சொன்னீர்கள்?

"நம்ம வூட்ல நல்லா வந்துச்சே!"