இரண்டேகால் அடிக்குள் ஒரு மோட்டார் படகு

உ

நாகுடி,
சுபகிருது வருஷம் ஆவணி 18
(3-9-62)

சௌபாக்கியவதி தங்கை செவந்திக்கு அண்ணன் குழந்தைசாமி, பி.ஏ., ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அண்ணி காத்தாயியும் இரண்டு பசுக்களும் சுகம். அவ்விடம் உன் சுகத்தையும் மணப்பெண் சந்தனத்தின் சுகத்தையும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன். உன் வீட்டுக்காரர் சிவசாமி மாப்பிள்ளையின் சுகத்தை நான் கேட்கவில்லை. நீயாக எழுதினால், அந்த வரியை மட்டும் தாண்டிப் படிக்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கல்யாணப் பத்திரிகை போன மாதமே வந்தது. ஆவணி இருபத்து நாலு, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்று கண்டேன். மஞ்சள் தடவிய மூலையில் சந்தனம் பென்சிலால் எழுதியிருந்ததையும் கண்டேன். "மாமா, நீங்க வராட்டி ஆண்டிச்சாமி மாமாதான் மாலை எடுத்துக் குடுப்பாராம். அம்மா அழுவுது. எனக்கு ஒங்க மொகங்கூடத் தெரியாது." எழுத்து உன் எழுத்தைப் போலவே இடப்பக்கம் சாய்கிறது. ஒரு மாதம் பதில் போடாமல் இருந்தேனே என்று நீ நினைத்திருப்பாய். நான் சும்மா இருக்கவில்லை. உங்கள் ஊருக்கு வருவதற்கு ஒரு படகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு எதற்கு என்று கேட்பாய். இந்தக் கடிதத்தை உன் வீட்டில் உன்னைத் தவிரவும் சிலர் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும் ஆகையால், நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நாற்பத்தெட்டாம் வருஷம், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், சந்தனத்துக்கு மூன்று வயதில் காது குத்தினீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்; இது நான் உண்டாக்கிய சட்டம் இல்லை. நான் புதுக்கோட்டையிலிருந்து ஏறி வந்த பஸ் கந்தர்வகோட்டைக்கு அப்பால் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது காது குத்தி முடிந்து இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிள்ளை யார் மடியில் இருந்தது? நம் சித்தப்பா மகன் ஆண்டிச்சாமியின் மடியில். கையெழுத்துப் போடத் தெரியாதவனுடைய மடி அது. அதே வருஷந்தான் நான் இருந்த ஆபீசில் எனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் நாற்காலியை, என்னிடம் வேலை பழகின ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் நாற்காலியும் போயிற்று, மடியும் போயிற்று. மனிதனுக்குக் கோபம் வராதா? உங்கள் அய்யனார் கோயில் வாசலில் துண்டைப் போட்டுத் தாண்டி, "இனி இந்தக் கரம்பைப்பட்டி மண்ணில் கால் வைத்தால் நான் எங்கப்பனுக்குப் பிறந்தவன் இல்லை" என்றேன். மாப்பிள்ளை அதோடு விட்டாரா? "மச்சான் காலு இந்த மண்ணுல பட்டுச்சுன்னா எம் மீசையில ஒரு பக்கத்த எடுத்துர்றேன்டா!" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். ஆக, என் சத்தியம் ஒன்று, அவர் மீசை ஒன்று. இரண்டையும் காப்பாற்றும் பொறுப்பு பதினான்கு வருஷமாக என் தலையில்தான் இருக்கிறது.

ஆனால் சத்தியத்தின் வாசகத்தைக் கவனி. மண் என்றுதான் சொன்னேன். தண்ணீரைச் சொல்லவில்லை. கல்லணையிலிருந்து வருகிற கால்வாய், நீங்கள் புது ஆறு என்பது, உன் வீட்டுக் கொல்லைப் படித்துறையை உரசிக்கொண்டு ஓடி, நாற்பது மைல் வந்து, எங்கள் நாகுடியில்தான் தீருகிறது. நீ பித்தளைப் பானை கழுவிய தண்ணீர் மூன்றாம் நாள் என் வயலுக்கு வருகிறது. பதினான்கு வருஷமாக உன் வீட்டிலிருந்து எனக்கு வந்த ஒரே சீர் அதுதான். மடையைத் திறந்துவிட்டு நான் வரப்பில் நின்றால் காத்தாயி கேட்பாள், "என்னங்க, அம்புட்டு நேரமாத் தண்ணியவே பாக்குறீங்க, மீனா?" என்று. ஆமாம் என்பேன். தண்ணீர் வருகிற வழியில் தமையன் போகக்கூடாதா? கல்யாணத்தன்று படகில் இருந்தபடியே படித்துறையில் நிற்கும் சந்தனத்தின் கையில் மாலையை எடுத்துக் கொடுத்தால், மண்ணும் மிதிபடாது, மீசையும் போகாது, ஆண்டிச்சாமியும் இரண்டாம் முறை என் இடத்தில் நிற்க முடியாது. நீரோட்டத்துக்கு எதிரே போக வேண்டியிருப்பதால் துடுப்பு போதாது, மோட்டார் வேண்டும். குறுக்கே முப்பத்தொரு பாலம் இருப்பதால் மோட்டார் படகு தாழ்வாக இருக்க வேண்டும். எவ்வளவு தாழ்வாக என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள, ஆபீஸ் காலத்தில் என்னோடு வந்துவிட்ட நிலம் அளக்கிற கம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கால்வாய்க் கரையோடு வடக்கே புறப்பட்டேன். ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில் இறங்கித் தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று நோட்டில் குறித்தேன். மூன்றாவது பாலத்துக்குள் கதை எனக்கு முன்னால் ஓடிவிட்டது. பாலத்தை இடித்துக் கட்டப்போகிற ஆபீசர் வருகிறார் என்று ஒரு ஊரில் இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். "சார், ரெண்டு வண்டி எதுக்கெதுக்க போற மாதிரி கட்டிக் குடுத்துருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று ஒருவர் மனுவை நீட்டினார். இன்னொருவர், "போன தடவ வந்த சாரு அளந்துட்டுத்தான் போனாரு. நீங்க மொகத்தப் பாத்தாச் செய்யிறவரு மாதிரி இருக்கீங்க" என்றார். நான் ஆபீசர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆபீசை விட்டுப் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு நாலு பேர் எழுந்து நின்று சார் என்கிறார்கள். "பார்க்கலாம்" என்று சொல்லி மனுவை மடித்து வைத்துக்கொண்டேன். பதினேழு மனு இப்போது என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. என்ன செய்வது என்று தெரியவில்லை.

எல்லாப் பாலத்திலும் தாழ்ந்த பாலம் எது தெரியுமா? உன் வீட்டுக்கு நேர் கிழக்கே, பஞ்சாயத்தில் பனைமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களே, அந்த நடைபாலம். கால்வாய் நிறைந்து ஓடும்போது தண்ணீருக்கு மேலே இரண்டேகால் அடி. பஞ்சாயத்துத் தலைவர் யார்? சிவசாமி மாப்பிள்ளை. உலகத்தில் எத்தனையோ உயரத்தில் பாலம் கட்டலாம். என்னை மனத்தில் வைத்துக்கொண்டே கட்டியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அங்கே உங்கள் ஊர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, கம்பை மட்டும் நீட்டி அளந்தேன். கால் வைக்கவில்லை. உன் கொல்லைப்புறம் தெரிந்தது. கொடியில் ஒரு அரக்குப் புடவை காய்ந்தது. முருங்கைமரம் ஒன்று புதிதாக இருக்கிறது, அது எப்போது வைத்தாய்? ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. "இங்கிட்டு வா சனியனே, அங்கிட்டு எவன் ஒனக்கு வச்சிருக்கான்!" என்று ஒரு மாட்டைத் திட்டினாய். அப்படியே நம் ஆத்தாவின் குரல். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன். நீ மறுபடி திட்டவில்லை. எனக்கு அந்த மாட்டின் மேல் பொறாமை வந்தது.

இனி படகு. முதலில் ஜெகதாப்பட்டினம் போய் வியாபாரி முகம்மது கனியைப் பார்த்தேன். அவரிடம் ஒரு மோட்டார் லாஞ்ச் இருக்கிறது. வெள்ளைப் பெயிண்ட், கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, உள்ளே மெத்தை. தாய்மாமன் என்றால் இதில் வந்து இறங்க வேண்டும், அதாவது இறங்காமல் நிற்க வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டது. கம்பை வைத்து அளந்தால் தண்ணீருக்கு மேலே ஏழடி. அறையை அறுத்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "அறுக்கலாங்க. அப்புறம் சன்னலயும் மெத்தையயும் எங்க வக்கிறது, பாலத்து மேலயா? இத அறுக்குறதுக்கு அந்தப் பாலத்த அறுத்துருங்களேன், ஈசியா இருக்கும்" என்றார் கனி. பிறகு டீ வரவழைத்துக் கொடுத்து, "தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்கா? பஸ்ஸு போவுதுங்களே" என்றார். எல்லாருக்கும் இது ஒன்று தெரிகிறது, பஸ் போகிறது என்று.

கோட்டைப்பட்டினத்தில் சூசைராஜ் என்று ஒரு படகுக்காரர். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஒட்டுப்பலகைப் படகு ஒன்றை வைத்திருக்கிறார். அடி தட்டை, கூரை கிடையாது, பின்னால் தொங்குகிற பெட்ரோல் மோட்டார். விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒன்றரை அடி. தண்ணீரை மறிக்கிற ஷட்டர் இருக்கிற இடங்களில் நான்கு ஆள் சேர்ந்து கரையேற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். அந்த ஊர் மண்ணோடு எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. இதுதான் படகு என்று முடிவு செய்து மாட்டு வண்டியில் ஏற்றி நாகுடிக்குக் கொண்டுவந்தோம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். கால்வாயின் குறுக்கே தண்ணீருக்கு மேல் சரியாக இரண்டேகால் அடி உயரத்தில் மூங்கில் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, ஒரு முனையைக் காத்தாயியிடம் கொடுத்தேன். கல்யாணத்தன்று எப்படி வருவேனோ அப்படியே பட்டு வேட்டி, தலைப்பாகை, குடை, கையில் மாலையோடு படகின் நடுவே உட்கார்ந்தேன். முதல் முறை குடை போயிற்று. இரண்டாம் முறை தலைப்பாகை மூங்கிலில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாம் முறை குனிந்து பார்த்தேன், முதுகு இடித்தது. "போட்டு தாழ்வாத்தாங்க இருக்கு, நீங்கதான் ஒசரமா இருக்கீங்க" என்றார் சூசைராஜ். பிறகு அவரே யோசனை சொல்ல, விளிம்பின் மேல் போட்ட பலகையில் மல்லாந்து படுத்தேன். மூக்கு மட்டும் லேசாக உரசியது. "அந்த மூக்கயும் மடக்கிட்டீங்கன்னா சரியாப் போவும்" என்றாள் காத்தாயி, "ஆனா அப்புறம் கோவத்த எங்கிட்டு வச்சுக்குவீங்க?" மனைவி பேசுகிற பேச்சா இது?

சரியாக அந்த நேரத்தில் பாசி சுற்றி மோட்டார் நின்றுவிட்டது. படகு தண்ணீர் போகிற போக்கில் திரும்பி மிதந்தது. நான் மார்பின் மேல் மாலையோடு வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். எழுந்தால் படகு ஆடுகிறது, ஆகையால் எழவில்லை. நடவுக்கு வந்த பெண்கள் நாற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு வந்தார்கள். ஒருத்தி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டு, "எப்ப ஆச்சு? எந்த ஊருக்குக் கொண்டுபோறீங்க?" என்று சூசைராஜைக் கேட்டாள். "தங்கச்சி ஊருக்கு" என்றார் அவர். "பாவம், இருக்கையில போகலயாக்கும்" என்றாள் அவள்.

செவந்தி, அந்த வார்த்தை நேற்றிலிருந்து காதில் இருக்கிறது. அது நிற்க.

முடிவாகத் தெரிவித்துக்கொள்வது: ஆவணி இருபத்து நாலாம் தேதி விடியற்காலம் உன் கொல்லைப் படித்துறைக்குச் சந்தனத்தைக் கூட்டிக்கொண்டு வா. பனைமரப் பாலத்தைத் தாண்டும் வரையில் நான் படுத்திருப்பேன், பயப்பட வேண்டாம், அழுதுவிட வேண்டாம். தாண்டியதும் எழுந்து உட்காருவேன். மாலையைக் கொடுத்த பிறகு ஒரு இலை சோறு படகுப் பலகையில் வைத்தால் சாப்பிடுவேன். உருண்டைக் குழம்பு வைத்தால் நல்லது, வைக்காவிட்டாலும் பரவாயில்லை; வை. குடிக்கத் தண்ணீர் வேண்டாம், ஆற்றிலேயே அள்ளிக்கொள்வேன், நாம் இரண்டு பேரும் குடிக்கிற தண்ணீர்தானே. மாப்பிள்ளை ஏதாவது பேசினால் நான் பதில் பேசமாட்டேன், மோட்டாரைச் சத்தமாக ஓடவிடுவேன்.

மணமக்கள் பதினாறும் பெற்று, வாய்க்கால் வற்றாத வயலும் வாக்குத் தவறாத உறவுமாக வாழ அய்யனார் துணை. காத்தாயி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். ஆண்டிச்சாமியை எல்லாரிலும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு
உன் அண்ணன்
நா. குழந்தைசாமி, பி.ஏ.

பின்குறிப்பு: ஆவணி 22, வெள்ளிக்கிழமை, பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நான்கு நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்று காலை படகில் ஏறப் போனால் கால்வாயில் கணுக்கால் தண்ணீர். மேலே ஊருக்கு ஊர் தண்ணீர் முறை வைத்து ஷட்டரை அடைத்துவிட்டார்களாம். இப்போது உங்கள் பனைமரப் பாலத்துக்கு அடியில் நான் குடையைப் பிடித்துக்கொண்டே போகலாம், தண்ணீர்தான் இல்லை. சூசைராஜ் சேற்றில் உட்கார்ந்த படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல தாழ்வாப் போவ முடியாதுங்க" என்றார். நான் வீட்டுக்குப் போய் மாலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். காத்தாயி முன்னாடியே தயாராக நின்றாள், பெட்டியோடு.

பஸ் ஒரு கோளாறும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நாற்பத்தெட்டிலும் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அச்சு முறியவில்லை. அன்று காலை நான் புதுக்கோட்டையில் உட்கார்ந்து அந்த நாற்காலிக்காக மனு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி எழுதிக் கிழித்து, மூன்று பஸ்ஸை விட்டேன். ராகு காலம் நெருங்குகிற வரைக்கும் பிள்ளையை யார் மடியிலும் வைக்காமல் நீங்கள் காத்திருந்ததாக ஆண்டிச்சாமி அன்றைக்கே என்னிடம் சொன்னான். நான் அவனைப் பேசவிடவில்லை.

பெண்ணைப் பெற்றவர் கல்யாணப் பந்தலில் ஒரு பக்க மீசையோடு நிற்கக்கூடாது. ஆகையால் அறந்தாங்கியில் பஸ் மாறுகிறபோது என் மீசையை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும். அதில் ஒரு பக்கம் அவருடையது என்று மாப்பிள்ளையிடம் சொல். சந்தனத்துக்கு என் முகம் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

உங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ் இப்போது புறப்படுகிறது. கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்த ஒரு பஸ்ஸை மட்டும் விடுகிறேன் செவந்தி, அடுத்ததில் வந்துவிடுவேன். கல்யாணப் பெண்ணை வெளியே அனுப்பக்கூடாது, பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வா. நீ வருகிற வரையில் நான் பஸ் படிக்கட்டை விட்டு மண்ணில் இறங்கமாட்டேன். கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் வந்துவிடு, ஆத்தா.