தலைவர் தண்ணீர் குடித்த நேரத்தில் நடந்தது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தக் குளிரிலும் தாங்களும் துணை ஆசிரியர்களும் தடிமன், காய்ச்சல் இன்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

சட்டமன்றக் கமராக்களை மன்றச் செயலகமே இயக்குவது தவறு, அவை நிருபர்களின் கையில் இருக்க வேண்டும் என்று சென்ற மாதம் நான் அனுப்பிய கட்டுரையைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே சுவிஸில், கன்டோன் எனப்படும் எங்கள் மாநிலத்தின் சட்டமன்றத்துக்குத் தெரிவான என் மகள் வேணுகா செவ்வாய்க்கிழமை முதன்முறையாகப் பேசினாள். ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அவளது பிரேரணை. நானும் மனைவி ஞானேஸ்வரியும் மேல்மாடத்தில் பார்வையாளர் வரிசையில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் சொந்தக்காரர் எல்லாரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசி முடித்ததும் பையிலிருந்து பொன்னாடையை எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, இது கோயில் மண்டபமில்லை. இருங்கோ!"

"கன்னிப் பேச்சுக்குப் பொன்னாடை போடாமல் விடுறதோ? சனம் என்ன நினைக்கும்?"

"எந்தச் சனம்? இந்த வெள்ளைக்காரச் சனமோ?"

கீழே இறங்க வழியில்லை. ஆகவே கைப்பிடிச் சுவருக்கு மேலால் எட்டி மகளை நோக்கி வீசினேன். சரிகை கூடிய பாரமான ஆடை; மகள்வரை போகவில்லை. பிரேரணையை எதிர்த்துக்கொண்டிருந்த கட்சியின் தலைவருடைய தலையில் விழுந்து, மூக்குக்கண்ணாடி வரை மூடிக்கொண்டது. சபை நின்றது. வைபெல் எனப்படும் சீருடைச் சேவகர் வந்து என்னை மிக மரியாதையாக வெளியே கொண்டுபோனார். ஞானேஸ்வரி வெட்கத்தில் எனக்கு முன்னாலேயே போய்விட்டாள். அப்போது வாக்கெடுப்பு நடந்திருக்கவில்லை. அந்தக் காட்சி வெளியே போயிருந்தால் பிள்ளையின் பேச்சை எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். அப்பனின் கூத்தைத்தான் ஆளுக்காள் அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் போகவில்லை. சபையில் குழப்பம் என்றால் அவைத் தலைவரைத் தவிர எவரையும் காட்டக்கூடாது என்பது செயலகத்தின் விதி. பின்னறையில் கமராவை இயக்கிய பெண் அந்த விதியை விட்டு அசையவில்லை. அன்று மாலை மைத்துனர் ராசா கோப்பாயிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"அத்தான், பிள்ளை நல்லாக் கதைச்சவள். அதுக்குப் பிறகு அந்த அவைத் தலைவர் என்ன, தண்ணி குடிச்சபடியே இருந்தார்? சீனி வருத்தமோ?"

"ஓம் ஓம், பாவம்" என்றேன்.

பிரேரணை ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் ஒரு பெட்டி பயித்தம் பணியாரம் கொண்டுபோனேன். அலுவலகத்தில் எல்லாரோடும் பகிர்ந்தால்தான் வாங்கலாம் என்று ஜெர்மனில் சொன்னார்; சொன்னபடியே பகிர்ந்தார். நிருபராக இருந்த காலமெல்லாம் மறைப்பவர்களைத் திட்டியே எழுதியவன், இன்று ஒருவர் மறைத்ததற்கு மனமார நன்றி எழுதுகிறேன். கமரா இருக்கிற கையிலேயே இருக்கட்டும்.

தங்கள் இதழ் தடையின்றி வரவும் அச்சுப்பிழை குறையவும் வாழ்த்தும்,
த. அருட்செல்வன்

பின்குறிப்பு: நேற்றுவரை என்னோடு கதைக்காமல் இருந்த வேணுகா இன்று வாய் திறந்தாள். "அப்பா, நீங்கள் போனாப் பிறகு அந்தக் கட்சித் தலைவர் என்னட்ட வந்து, இது என்னெண்டு கேட்டவர். எங்கட ஆக்கள் பெரிய மனிசருக்குச் செய்யிற மரியாதை எண்டன். உடனே தோளில போட்டுக்கொண்டு போயிருந்து, வாக்கெடுப்பில எங்களுக்கெல்லோ கை உயர்த்தினவர்!" அப்போதும் கமரா அவைத் தலைவரிலேயே நின்றதாம். ராசாவுக்குச் சொன்னால், "விசர்க் கதை விடாதேங்கோ அத்தான்" என்கிறார். காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, கட்டுரையை முன்பக்கத்திலேயே போடவும்.