தலை இல்லாத பெட்டி

லோகனிடமிருந்து அந்தத் தலையை வாங்கியே தீருவது என்று யுகேந்திரன் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சபதம் எடுத்தான். கையெல்லாம் ரசமாக இருந்ததால் மேசையை ஓங்கி அடிக்க முடியவில்லை. மனசுக்குள்ளேயே அடித்துக்கொண்டான்.

தலை என்றால் லோகன் கழுத்துக்கு மேலே இருப்பது இல்லை. அதில் முடியே கிடையாது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இது பழைய ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டைவிரல் அளவுச் சாமான். யுகேந்திரன் வீட்டு ஹாலில் இருக்கும் ஜப்பான் பெட்டிக்குத் தட்டு ஒரிஜினல், கை ஒரிஜினல், தலை மட்டும் டூப்ளிகேட். கம்பெனிக்காரன் அந்தத் தலையை நிறுத்தி ரொம்ப காலமாகிறது. ஒரிஜினலை மாட்டினால் பாடகர் பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்குமாம். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கும் லோகனிடம் அப்படி இரண்டு இருந்தன. ஒரு மனுஷனுக்கு எதற்கு இரண்டு தலை? யுகேந்திரனுக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தும் அடங்கவில்லை. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த லோகனிடமே கேட்டான்.

"ஒண்ணை எனக்குக் கொடு லா, லோகன்."

"உனக்கா? என் தலையே போனாலும் தர மாட்டேன்."

வீட்டில் ரோகிணிக்கு வேறு கவலை.

"ஏங்க, அந்த மூலையைக் காலி பண்ணிக் கொடுங்க. ஒரு தையல் மெஷின் போடணும்."

"அது டர்ன்டேபிள் மூலை. முதல்ல தலை வரட்டும்."

"தலை இல்லாமலே இந்த வீடு ஓடுது. பொட்டி ஓடாதா?"

யுகேந்திரன் போனைக் கையில் எடுத்தான். சபதம் எடுத்தவன் சில்லறைப் பேச்சில் இறங்கக் கூடாது. பெண்கள் கேட்டால் லோகன் வெண்ணெயாக உருகிவிடுவான் என்பது பழைய சாமான் வாங்கும் கூட்டத்துக்கே தெரியும். அவ்வளவுதான். போனில் விஷ்ணுப்ரியா என்று ஒரு புதுக் கணக்குத் திறந்து லோகனுக்கு எழுதினான்: 'என் கணவர் காலமாகிவிட்டார். அவர் ஆசையாக வைத்திருந்த பெட்டி தலை இல்லாமல் கிடக்கிறது.'

உடனே பதில் வந்தது. 'அழாதீங்க சிஸ்டர். நேர்ல வாங்க. தலை தரேன்.'

நேரில் போக விஷ்ணுப்ரியாவுக்கு எங்கே போவது? யுகேந்திரனுக்குத் தெரிந்த பெண்களில் லோகன் பார்த்தே இராதவள் ரோகிணி ஒருத்திதான். அவளிடம் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னான்.

"அப்போ நீங்க செத்துட்டீங்களா?"

"கதையில லா."

"எப்படிச் செத்தீங்க?"

"அதை எழுதல."

"பரவால்ல, போற வழியில நல்லதா ஒண்ணு யோசிச்சுக்கிறேன். ஆனா நெத்தியில இருக்கிற பொட்டை எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். செத்தது நீங்க. நான் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கணும்?"

காலையில் கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். டிஷ்யூவில் சுற்றிய தலையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அசல் சரக்கு! யுகேந்திரனுக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் அவள் வாயில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

"ஒரு தலையை வாங்க இவ்வளவு நேரமா?"

"சாப்பிட்டுப் போகணும்னு பிடிவாதம். அப்புறம் ரெக்கார்ட் போட்டுக் காமிச்சாரு. கையை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு. அழுத்திப் பிடிக்கக் கூடாதாம். பூ மாதிரி பிடிக்கணுமாம்."

"யார் கையை?"

"பொட்டியோட கையைத்தான். வேற யார் கையை?"

அன்றைக்கே தலையை மாட்டினான். பாடகர் மூச்சு இழுப்பது நிஜமாகவே கேட்டது. ஆனால் அது லோகன் மூச்சு மாதிரியே இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டான்.

அதோடு விட்டதா? விஷ்ணுப்ரியாவின் கணக்கு இவன் போனில் அல்லவா இருக்கிறது! மறுநாளிலிருந்து லோகன் எண்ணிலிருந்து மெசேஜ் வர ஆரம்பித்தது. முதலில் 'சிஸ்டர்.' பிறகு 'விஷ்ணுப்ரியா.' பிறகு வெறும் 'விஷ்ணு.' 'உங்க சிரிப்பு காதுலயே நிக்குது விஷ்ணு. அந்தப் பொட்டியையும் எடுத்துக்கிட்டு வாங்க. சேர்ந்து கேட்போம்.'

யுகேந்திரனுக்கு உச்சந்தலை கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்: 'என் கணவர் உயிரோடு திரும்பி வந்துவிட்டார்.'

'ரொம்ப சந்தோஷம் விஷ்ணு. அவர் வீட்டைப் பார்த்துக்கட்டும், நீங்க வாங்க.'

போனை சோபாவில் வீசினான்.

"ரோகிணி! அந்தத் தலையை அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு!"

"பொட்டி?"

"பொட்டியையும் அனுப்பு! எல்லாத்தையும் அனுப்பு! அதுக்கப்புறம் அவன் எதுக்கு உன்னைக் கூப்பிடுவான், பார்க்கிறேன்!"

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"இந்தப் பொட்டி இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது!"

ரோகிணி உடனே 'சரிங்க' என்றாள். என்ன அடக்கமான பெண்டாட்டி என்று யுகேந்திரனுக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழே லோரி வந்து நின்றது. இரண்டு பேர் பெட்டியையும் தலையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே இரண்டு பேர் வேறு எதையோ தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, காலியான மூலையில் இறக்கினார்கள். கறுப்பு உடம்பு, தங்கப் பூ வேலை, அடியில் இரும்பு மிதி. பழைய தையல் மெஷின்.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"ரஞ்சனி அக்கா கொடுத்தாங்க."

"எந்த ரஞ்சனி அக்கா?"

"லோகன் அண்ணன் சம்சாரம். அன்னிக்கு வாசல்லயே அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சிரிச்சு சிரிச்சு அவங்களுக்கு விக்கலே வந்துருச்சு. அண்ணனுக்குப் பொட்டி வேணும், எனக்கு மெஷின் வேணும். நீங்களா அனுப்பணுமேன்னுதான் அக்கா கொஞ்சம் மெசேஜ் போட்டாங்க."

"மெசேஜ் போட்டது... லோகன் இல்லையா?"

"பாவம், அவருக்கு டைப் பண்ணவே வராது. முதல் மெசேஜிலிருந்தே அவர் போன்ல டைப் பண்றது அக்காதான்."

இப்போது லோகனிடம் இரண்டு தலையும் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது. யுகேந்திரன் மோர் எங்கே என்று தேடினான்.

ரோகிணி மெஷினை முந்தானையால் துடைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தாள்.

"பழசுதாங்க. ஆனா தலை, கை, ஊசி, எல்லாமே ஒரிஜினல்!"