ஏழு சென்டிமீட்டர்

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துச் சிற்றூர் ஒன்றின் நீர்வாரியம், வாய்க்கால் பனிக்கட்டியின் தடிமனைக் காட்டும் இணையப் பக்கத்தைப் பொதுமக்கள் நலன் கருதி நடத்திவந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் யாரும் சறுக்க இறங்கக் கூடாது. பக்கத்தை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க ஒரு விநியோக வலையமைப்புக் கம்பெனி போதும். ஆனால் அந்த வருஷம் மூன்று வைத்துக்கொள்வதுதான் நாகரிகம், மூன்று வைத்தார்கள்.

கணினிப் பொறுப்பாளர் ஹிஸ்கே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஒவ்வொரு வலையமைப்பும் பக்கத்தைக் கேட்டுத் தன்னிடம் வரும் கேள்வியின்மேல் தன் பெயரை எழுதி அடுத்ததற்கு அனுப்பும்; மூன்றாவது, பக்கம் இருக்கும் அலுவலகக் கணினியைக் கேட்கும். தன் பெயர் ஏற்கெனவே அதில் இருந்தால், சுற்றி வருகிறது என்று அங்கேயே நிறுத்திவிடும்.

செய்தித்தொடர்பு அதிகாரி ரென்ஸ்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"நம்ம கேள்வி மேல கண்ட கம்பெனி பேரெல்லாம் எதுக்கு? ஓசி விளம்பரமா?"

"பேரை அழிச்சா, சுத்திட்டே இருந்தாலும் தெரியாதே!" என்றாள் ஹிஸ்கே.

"தெரியலேன்னா பிரச்சினையே இல்லையே," என்றார் இயக்குநர் வீப்ரன்.

பெயர்களை அழிக்க உத்தரவாயிற்று. மேலும், அலுவலகக் கணினியின் மன அமைதியைக் கருத்தில்கொண்டு, அதைக் கேட்க வேண்டிய மூன்றாவது வலையமைப்பு இனி முதலாவதையே கேட்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

ஜனவரியில் வாய்க்கால் உறைந்தது. ஊரே கைப்பேசியைத் தட்டியது. முதலாவது இரண்டாவதைக் கேட்டது, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை. பக்கம் திறக்கவேயில்லை. ஹிஸ்கே மூன்று இடத்துக்கும் போன் போட்டாள். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். அடுத்தவங்களைக் கேளுங்க."

கடைசியில் யாரையும் கேட்காமல் இரண்டு உத்தரவுகளையும் அவளே மாற்றினாள். பக்கம் திறந்தது. ஏழு சென்டிமீட்டர்!

வாய்க்காலுக்கு ஓடினாள். ஊரே சறுக்கிக்கொண்டிருந்தது.

"வீப்ரன், ஏழுதான் இருக்கு! உங்களை யாரு இறங்கச் சொன்னது?"

"ரென்ஸ்கா இறங்கியிருந்தாளே."

ரென்ஸ்காவிடம் போனாள். "பேக்கரிக்காரரைப் பார்த்துத்தான் நான் வந்தேன்."

பேக்கரிக்காரர் இன்னும் தள்ளி நின்றார். "டைரக்டரே போறாரே, தெரியாமலா போவார்னு..."

பின்னாலேயே சறுக்கி வந்த வீப்ரன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "ஏழா? இத்தனை பேர் நிக்கிறோமே! உன் பக்கம்தான் தப்பு. போய்த் திருத்து."

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்ததில் தானும் வாய்க்காலின் நட்டநடுவில் நிற்பதை ஹிஸ்கே கவனித்தாள். காலடியில் சடசடவென்று ஒரு சத்தம் கரைக்குக் கரை ஓடியது.

அதற்கப்புறம் யாரும் அடுத்தவரைக் கேட்கவில்லை. எல்லோரும் கரையைப் பார்த்து ஓடினார்கள். முதலில் ஓடியது ஹிஸ்கே.