முதல் சிலிண்டரும் ஆறாவது பல்லும்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அக்காவும் நலம். தொலைபேசியில் அவள் என்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். அங்கே நீங்களும் நீங்கள் கட்டும் பாலமும் உறுதியாக நிற்க வேண்டுமென்று விரும்புகிறேன். உங்கள் கார் நலமாகிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எழுந்து நின்றிருப்பீர்கள். தயவுசெய்து உட்காருங்கள்.

தொலைபேசியில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. தொலைபேசியில் நீங்கள் இடையில் பேசுவீர்கள். எதிரில் இருப்பவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டு முப்பத்தாறு வருடம் தனியாகவே பேசிப் பழகியவன் நான். பதில் வந்தால் எனக்குக் கை ஓடாது.

மூன்று மாதம் முன்பு சாவியை என் கையில் வைத்தபோது, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டா போதும், டாக்டர். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றீர்கள். 'வேற ஒண்ணும்' என்ற இடத்தில் ஓர் அழுத்தம் இருந்தது. நான் கவனிக்காமல் இல்லை. பத்தொன்பது வருடமாக நீங்கள் என்னை 'அத்தான்' என்று கூப்பிட்டதில்லை, 'டாக்டர்'தான். நானும் உங்களை 'மாப்பிள்ளே, நீ வாடா' என்று கூப்பிட்ட காலம் போய் இப்போது 'அவர்களுக்கு' போட்டு எழுதுகிறேன். எல்லாம் ஒரே ஒரு பல்லால் வந்தது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் எழுதப்போவதில்லை. உங்கள் குடியிருப்பில் நிழலில்லை, என் கிளினிக் சும்மா கிடக்கிறது என்பதால்தான் காரை என்னிடம் விட்டீர்கள், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு உங்களுக்குச் சொந்தமான ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் போட்டியில் ஓட்டுகிறீர்கள். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம் என்று உங்கள் அக்கா சொன்னாள். முதல் வளைவிலேயே கார் இருமி நின்றால், "டாக்டர்கிட்ட குடுத்தேன், அதையும் பிடுங்கிட்டார்" என்று குடும்பம் முழுக்கச் சொல்வீர்கள். அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

கோளாறு தொடங்கிய விதம் இது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். அத்தோடு வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, பல் கழுவும் தண்ணீர்க் குழாயால் எஞ்சினைச் சந்துபொந்தெல்லாம் பீய்ச்சிக் கழுவினேன். இது நீங்கள் கேட்காமலே செய்த சேவை, நன்றி தேவையில்லை. ஐந்தாவது வாரம், நிறுத்தியே வைத்திருந்தால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்று எங்கோ படித்ததால், முடிவெட்டும் கடைவரை ஓட்டிக்கொண்டு போனேன். தபால் நிலைய ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். டர்போ மூச்சை இழுத்துப் பிடித்து, இப்போது பாயப்போகிறோம் என்று நான் இருக்கையோடு ஒட்டிக்கொண்ட நேரத்தில், கார் 'பட் பட் பட்' என்று இருமிக் குலுங்கியது. மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. பின்னால் வந்த பேருந்துக்காரர் இறங்கி வந்து, "சார், இது ரேஸ் வண்டியா இல்ல ரெண்டு பேர் சேர்ந்து தள்ற வண்டியா?" என்று கேட்டார். காரை ஓரமாக நிறுத்தினேன். நடந்து போய் முடிவெட்டிக்கொண்டு வந்தேன்.

இந்தக் காய்ச்சல் உங்கள் கையில் இருக்கும்போதே உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனாலும் பழி போடும் நேரம் இதுவல்ல. அன்றே வைத்தியத்தில் இறங்கினேன். கிளினிக்கின் ஷட்டரை முழுதும் தூக்கி, நோயாளி நாற்காலியை மூலைக்குத் தள்ளி, காரை நடுவில் நிறுத்தி, மேலே தொங்கும் பெரிய விளக்கை இழுத்து எஞ்சின் மேல் திருப்பினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எந்தப் பட்டறையிலும் இல்லாத வசதி. நீண்ட கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை விட்டால் டர்போவின் முதுகுகூடத் தெரிகிறது. உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "என் தம்பி வண்டியை ஏன் இப்படி வாயைப் பொளந்து வச்சிருக்கீங்க?" என்றாள். "பரிசோதனை" என்றேன். "அவன்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். "மயக்கத்துல இருக்கறவங்கிட்ட கேக்கறதில்ல" என்றேன். அவள் போய்விட்டாள்.

கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் ஒன்று வரவழைத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினேன். தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். அதாவது நான்கு சிலிண்டர்களில் ஒன்று, எல்லோரும் வேலை செய்யும்போது, அவ்வப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் காரில் நான்கும் முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில் நிற்கின்றன, கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தைப் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றியது. மற்ற பல் மருத்துவர்கள் முன்னாலிருந்து எண்ணுவார்கள். நான் எப்போதும் பின்னாலிருந்து. கோடியில் இருப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதைத் தொட்டுத் தொடங்கினால் எதுவும் விட்டுப்போகாது. டிரைவர் பக்கத்துச் சிலிண்டரை ஒன்று என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

முதலில் அதன் தலையில் இருக்கும் காயிலைக் கழற்றினேன். பொறிக்கு மின்சாரம் தருவது அதுதான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழிக்குள் கொஞ்சம் ஈரம் தேங்கியிருந்தது, உறிஞ்சு குழாயை விட்டுச் சுத்தமாக எடுத்தேன். அந்தக் காயிலையும் அதற்கு அடுத்ததன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை. ஸ்கேனர் அசையாமல் 'முதல் சிலிண்டர்' என்றது. ஆகவே காயில் நிரபராதி. அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனையில் இளம்பழுப்பு நிறம், ஒரு கறை இல்லை, விரிசல் இல்லை. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதியது மாட்டினேன். அப்போதும் மிஸ்ஸிங் அடித்தது.

பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பெண் மெக்கானிக்கை உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார், அதனால் தெருவே 'சைலன்ஸர்' என்று கூப்பிடும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரெஷனை, அளக்கும் கேஜை இரவல் வாங்க அவரிடம் போனேன். கொடுத்தார். எந்தச் சிலிண்டர் என்று கேட்டார், டிரைவர் பக்கம் இருக்கும் ஒன்றாம் நம்பர் என்று சொன்னேன். "டாக்டர், ஒண்ணாம் நம்பர்..." என்று ஏதோ தொடங்கினார். என்ன செய்வது, வாய் திறந்தால் எனக்குப் பல்தான் கண்ணில் படும். மேல்வரிசையில் ஒன்று உடனே கவனிக்க வேண்டிய நிலையில் இருந்தது. அதை விளக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுக் கேஜோடு வந்துவிட்டேன். முள் நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. அந்தச் சிலிண்டரைப் போல ஆரோக்கியமான சிலிண்டரை நான் பார்த்ததில்லை. இதற்கு முன் எந்தச் சிலிண்டரையும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் சாதாரண ஆள் குழம்பிப்போயிருப்பான். நான் குழம்பவில்லை. காயில் நல்லது, பிளக் புதியது, கம்ப்ரெஷன் கெட்டி. அப்படியானால் முதல் சிலிண்டரில் நோயே இல்லை. வலி ஓரிடத்தில் தெரியும், நோய் வேறிடத்தில் இருக்கும். இது என் தொழிலில் அரிச்சுவடி. உங்கள் விஷயத்திலும் நான் சொன்னது இதைத்தான். ஏழாவது பல் வலிக்கிறது என்று வந்தீர்கள், நான் ஆறாவதைப் பிடுங்கிவிட்டேன் என்று இன்றுவரை சொல்கிறீர்கள். ஒரு வாரம் பொறுத்திருந்தால் வலி தானே நின்றிருக்கும். நீங்கள் வேறொரு டாக்டரிடம் ஓடி ஏழாவதையும் பிடுங்கிக்கொண்டு, போன இடத்திலெல்லாம் வாயைத் திறந்து இரண்டு பொக்கையைக் காட்டினீர்கள். அந்த ஆறாவது பல் இன்றும் என் மேசை இழுப்பறையில் ஒரு குப்பியில் இருக்கிறது. பிடுங்கிய அன்று கழுவிக்கூடப் பார்க்காமல் மூடி வைத்தது. சந்தேகம் இருப்பவன்தானே திறந்து பார்ப்பான்? இதைப் பற்றி எழுதுவதில்லை என்று சொல்லியிருந்தேன், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக, நோய் இருக்குமிடம் டர்போ. அது எஞ்சினுக்குள் காற்றை அழுத்திக் கொடுக்கும்போதுதானே இருமல் வருகிறது? குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை பூசி, உங்கள் அக்காவை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். "இன்னும் எவ்வளவு நேரங்க மிதிக்கணும்?" என்று அவள் கேட்க, "நான் கையைத் தூக்கினா நிறுத்து" என்று நான் சொல்ல, என் இரண்டு கையிலும் நுரை இருந்ததால் தூக்க மறந்து, கிளினிக் முழுக்கப் புகை நிரம்பி, மாடி வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்துவிட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. வெளியே கசிவு இல்லையென்றால் நோய் உள்ளேதான். எனவே நாளைக் காலை டர்போவைக் கழற்றுகிறேன். பயப்பட வேண்டாம். பதினோராயிரம் பற்களைக் கழற்றிய கை இது. டர்போவுக்கு வேர்கூடக் கிடையாது.

உங்கள் பாலத்தின் ஒவ்வொரு தூணும், உங்கள் வாயில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பல்லும் நூறாண்டு அசையாமல் நிற்க வாழ்த்தி, உங்கள் அக்காவின் அன்பையும் சேர்த்து அனுப்பி, முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
டாக்டர்

பி.கு.: நேற்று மாலை ஒட்டிய உறையை இன்று காலை பிரித்து இதை எழுதுகிறேன். டர்போவைக் கழற்றவில்லை. முதல் போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் தன் கேஜை வாங்க வந்தார். நான் அவர் வாயைப் பார்க்காததால், அன்று பாதியில் நின்ற வாக்கியம் முழுதாக வெளியே வந்தது. "டாக்டர், ஒண்ணாம் நம்பர் முன்னாடி இருக்கறது. ரேடியேட்டர் பக்கம். நீங்க பிரிச்சது நாலு." முன்னால் இருந்த காயிலை உருவினார். குழி நிறையத் தண்ணீர், காயிலின் அடிப்பகுதியில் பச்சையாகத் துரு. "எஞ்சின்ல தண்ணி அடிச்சது யாரு?" என்று கேட்டார். உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள். தண்ணீரை உறிஞ்சி எடுத்துப் புதிய காயிலும் பிளக்கும் போட்டதும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவரே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். ஓர் இருமல் இல்லை.

அவர் போன பிறகு மூலையில் இருந்த நாற்காலியில், நோயாளி உட்காரும் இடத்தில், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து நான் எறிந்த பிளக்கை எடுத்தேன். நல்ல பிளக். இழுப்பறையிலிருந்து குப்பியையும் எடுத்தேன்.

மாப்பிள்ளே, அன்று சீட்டில் ஏழு என்றுதான் எழுதியிருந்தது. நான் பின்னாலிருந்து எண்ணினேன். உனக்கு அப்போது கடைசிப் பல்லான எட்டாவது, அந்த ஞானப்பல், முளைத்திருக்கவில்லை, நான் பார்க்கவில்லை. கடைசிக்கு முந்தியது ஏழு என்று நினைத்துப் பிடுங்கியது ஆறு. குப்பியைப் பற்றி மேலே எழுதியது பொய். உன்னை அனுப்பிவிட்டு அன்றே கழுவிப் பார்த்தேன். சொத்தை ஒரு புள்ளிகூட இல்லை. பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியும். அவமானமாக இருந்தது, அதனால் உன்னோடு சண்டை போட்டேன். என்னை மன்னித்துவிடு.

சனிக்கிழமை நேரே கிளினிக்குக்கு வா. கார் தயாராக இருக்கும். திட்ட வேண்டியதையெல்லாம் உட்கார்ந்து நிதானமாகத் திட்டு. வாயில் பஞ்சு வைக்கமாட்டேன்.

அத்தான்