முப்பத்து நான்காம் பக்கத்து வீட்டில் ஆள் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தக் கடிதத்தின் சாரமே அதுதான். நான் நலமாக இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன், என் வீட்டிலேயே இருக்கிறேன். தங்கள் சென்ற மாத இதழின் முப்பத்து நான்காம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகவே திருத்தம் கேட்டு எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்னும் ஊரில் 'பம்ப் ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவி காலமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ரத்த உறவு என்று சொல்ல ஒரே ஒரு தம்பி, அவனும் என்னோடு ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவன். தங்கள் பத்திரிகைக்கு நான் சந்தாதாரன் அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முடி வெட்டும் கடையில் என் முறை வரும்வரை படிக்கிறவன். வயதாகிவிட்டதால் முடி முன்போல் வளர்வதில்லை, அதனால் இடையிடையே சில இதழ்கள் விட்டுப்போகும்.

சென்ற மாதம் கடைக்குப் போனபோது முடிதிருத்துபவர், "ஐயா, உங்க வீடு மாதிரியே ஒரு பாழடைஞ்ச வீடு போட்டிருக்காங்க, பாருங்க" என்று இதழை நீட்டினார். 'கைவிடப்பட்ட கட்டடங்கள், மறக்கப்பட்ட பொருள்கள்' என்று சிற்றூர்களில் எடுத்த படங்கள், பன்னிரண்டு பக்கம். நானும் ரசித்துத்தான் பார்த்தேன். மூடிக் கிடக்கும் திரையரங்கில் ஒற்றை நாற்காலி, ரயில் நிற்பதை விட்டுவிட்ட நிலையத்தில் ஒரு எடைக்கருவி, எல்லாம் அருமை. முப்பத்திரண்டாம் பக்கத்தில் எங்கள் பழைய பம்ப் நிலையம். அதைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தவனே நான் என்பதால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் படத்தின் கீழே, 'இங்கே வேலை பார்த்தவர் இப்போது எங்கே இருக்கிறாரோ' என்று உருக்கமாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு தாளைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். முப்பத்து நான்காம் பக்கத்தில் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார்.

ஆம், அது என் வீடு. தங்கள் புகைப்படக்காரர் வந்த காலை நேரத்தில் நான் பின்பக்கக் குளியலறையில் இருந்திருக்கிறேன். குளிக்கும்போது எனக்குப் பாடுகிற வழக்கம் உண்டு. அதையும் கேட்டுவிட்டு ஆளில்லாத வீடு என்று அவர் முடிவு கட்டினார் என்றால், என் பாட்டை அவர் என்னவென்று நினைத்தார் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை. கொடியில் தொங்கும் நீலச் சட்டையைப் பெரிதாகப் போட்டு, 'யாரோ எப்போதோ உலர்த்திவிட்டுப் போன சட்டை. சொந்தக்காரர் இனி வரமாட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காலை ஆறரை மணிக்குத் துவைத்த சட்டை அது. பத்து மணிக்குச் சொந்தக்காரர் வந்தார், எடுத்துப் போட்டுக்கொண்டார். கூரை ஓட்டில் புல் முளைத்திருப்பது உண்மை. ஓரமாகக் கிடக்கிற ஒற்றைச் செருப்பும் உண்மை, ஜோடியை நாய் தூக்கிப் போய்விட்டது. 'பல்லாண்டுகளாகத் திறக்கப்படாத கதவு' என்பதும் உண்மைதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உண்மையை உண்மை என்று ஒப்புக்கொள்கிறவன் நான்.

ஆனால் சதுரங்கப் பலகை விஷயத்தில் தங்கள் ஆள் செய்தது அடாத காரியம். வீட்டின் முன்புற நிழலில் ஒரு ஸ்டூல்மேல் அந்தப் பலகை எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் ஒருவர் தினமும் நான்கு மணிக்கு வருவார், ஒரு டீ குடிப்பார், ஒரு காய் நகர்த்துவார், போய்விடுவார். மறுநாள் நான் நகர்த்துவேன். நாளுக்கு ஒரு காய்தான். இரண்டு பேருக்கும் அவசரமாக முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. இதைத் தாங்கள் 'பாதியில் நின்றுபோன ஆட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆட்டம் நிற்கவில்லை, போஸ்ட்மேன் யோசித்துக்கொண்டிருந்தார். அது போகட்டும். வெயில் விழுகிற கட்டத்தில் ஒரு காய் இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று தங்கள் புகைப்படக்காரர் என் குதிரையை எடுத்து அவருடைய ராணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை போஸ்ட்மேன் வந்தார், பலகையைப் பார்த்தார், டீயைக் கையில் வாங்கவே இல்லை. "நாப்பது வருஷம் அடுத்தவன் கடுதாசியக் கூடப் பிரிச்சுப் பாக்காதவன் நான். உங்ககிட்ட இத எதிர்பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு மாதம் வரவில்லை. நான் எத்தனை சொல்லியும், காற்றில் குதிரை பறக்குமா என்று கேட்டார். தங்கள் இதழ் வந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. பெரிய படத்தில் குதிரை அதன் இடத்தில் இருக்கிறது, பக்கத்திலுள்ள சின்னப் படத்தில் ராணிக்கு அருகே இருக்கிறது. கடையிலிருந்து இதழை இரவல் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு படத்தையும் கால் மணி நேரம் பார்த்தார். "சரி, நாளைக்கு என் முறைதானே" என்றார். அவ்வளவுதான் மன்னிப்பு.

இந்த அளவோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்திரிகையில் வந்துவிட்டது என்றதும் மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் இணைப்பைத் துண்டிக்க வந்து நின்றார். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆளில்லாத வீடுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

"நான் இருக்கேனே."

"நீங்க இருக்கீங்க சார். ஆனா பேப்பர்ல இல்லன்னுல்ல இருக்கு."

நல்ல மனிதர்தான். வெகுநேரம் யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நேரில் வந்தபோது வீட்டில் ஆளில்லை, அதனால் இன்னொரு நாள் வர வேண்டும் என்று எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் கேமராவும் முக்காலியுமாக வர ஆரம்பித்தார்கள். கழுவிய பாத்திரத்தோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்த என்னைப் பார்த்து ஒரு பெண், "ஐயா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, படத்துல ஆள் வரக் கூடாது" என்றாள். மரியாதையாகக் கேட்டதால் நின்றேன். என் வீட்டுக்கு முன்னால் நானே ஓரமாக நின்றேன். போகும்போது, "இந்த வீட்டுல இருந்தவங்க எங்க போனாங்கன்னு தெரியுமாங்க?" என்றும் கேட்டாள். எங்கேயும் போகவில்லை என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது கதவுக்கு வருகிறேன். என் தம்பி தச்சன். வெளியூரில் பெயர் சொல்லும் தச்சன். ஒன்பது வருடத்துக்கு முன் அவன்தான் எங்கிருந்தோ நல்ல மரம் வாங்கி வந்து, இருபது நாள் இருந்து, அந்த முன்கதவைச் செய்து மாட்டினான். முதல் மழைக்கே மரம் ஊறி இறுகிக்கொண்டது. மரம் என்றால் அப்படித்தான், ஒரு மணி நேரம் இழைத்தால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னான். நான் நாலு பேர் முன்னால், "பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்யிறவன்கிட்ட கதவு கேட்டது என் தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவன் உளியையும் இழைப்புளியையும் பையில் போட்டுக்கொண்டு, "இனிமே இந்தக் கதவு வழியா நான் வரமாட்டேன்" என்றான். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நீ போட்ட கதவு வழியா எவனாலயும் வர முடியாதுடா" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒன்பது வருடம் தனியாகச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து நான் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தேன். ஊரில் தச்சர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். யாரையும் அந்தக் கதவைத் தொட விடவில்லை. வீம்பு என்று ஊர் சொன்னது. வீம்பு இல்லை ஐயா. வேறொருவர் அதைச் சரி செய்துவிட்டால் என் தம்பி வருவதற்கு இந்த வீட்டில் என்ன வேலை இருக்கும்? அவனுக்குக் கடிதம் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 'அன்புள்ள தம்பிக்கு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. முன்பின் தெரியாத தங்களுக்கு எவ்வளவு தாராளமாக எழுதுகிறேன், பாருங்கள்.

சென்ற வாரம் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். முன்கதவை யாரோ இடித்தார்கள். கேமராப் பிள்ளைகள் என்று நினைத்து, "உள்ள ஆள் இருக்கு, வெளியில இருந்து எடுத்துக்கங்க" என்று குரல் கொடுத்தேன். இடிப்பது நின்றது.

"உள்ள யாரு?"

ஒன்பது வருடம் கேட்காத குரல்.

"நான்தான்டா. அண்ணன்."

கதவுக்கு அந்தப் பக்கம் அறுபத்திரண்டு வயது ஆம்பிளை விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. ஒரு பல் மருத்துவர் வீட்டில் அலமாரி மாட்டப் போன இடத்தில் மேசைமேல் தங்கள் இதழ் கிடந்திருக்கிறது. தன் கையால் செய்த கதவு அவனுக்குத் தெரியாமல் போகுமா? பக்கத்திலேயே 'சொந்தக்காரர் இனி வரமாட்டார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அலமாரியைப் பாதியில் விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். செய்தி சொல்ல ஒரு ஆள் கூடவா இல்லாமல் அண்ணன் செத்துப்போனான் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னான்.

"பின்பக்கமா வாடா" என்றேன்.

"பின்பக்கமா வர நான் என்ன திருடனா? நான் போட்ட கதவு இது."

நான்தான் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். இரண்டு பேரும் நின்றோம். தலை முழுக்க நரைத்திருந்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் கதவைத் தடவிப் பார்த்து, "இதுக்கு எண்ணெய் போட்டியாண்ணா?" என்றான். இல்லை என்றேன். "ஒன்பது வருஷமாவா?" என்றான். உளியால் விளிம்பை நெம்பிக் கொடுத்து, நீ உள்ளே இருந்து இழு, நான் தள்ளுகிறேன் என்றான். நான் பின்பக்கமாக உள்ளே போய் இழுத்தேன், அவன் தோளைக் கொடுத்தான். ஒன்றுக்கும் அசையாமல் இருந்தது, ஒரே முட்டில் திறந்துகொண்டது, அவன் என்மேல் விழுந்தான். நான் தரையில் விழுந்தேன். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தபோது, தம்பி ஊருக்கு வந்த செய்தியைக் கடையில் கேட்டுப் போஸ்ட்மேன் ஓடி வந்தார். "இன்னும் சண்டை முடியலையா?" என்று கேட்டார். என் இடுப்பில் இன்னும் வலி இருக்கிறது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், எங்கள் விஷயத்தில் சதை விழவும் செய்தது.

தம்பி அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறான். கதவை இறக்கி இழைத்து, கீல் மாற்றி, எண்ணெய் போட்டு மாட்டிவிட்டான். இப்போது ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. ஆகவே ஐயா, அடுத்த இதழில் தெளிவாகத் திருத்தம் வெளியிட வேண்டும். முப்பத்து நான்காம் பக்கத்து வீடு கைவிடப்பட்டது அல்ல, அதில் ஆள் உண்டு, கதவு திறக்கும், ஆட்டம் நடக்கிறது என்று போட வேண்டும். போடாவிட்டால் நானே நேரில் வந்து தங்கள் மேசைக்கு முன் உட்கார்ந்து உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிவரும்.

தங்கள் புகைப்படக்காரருக்கு என் ஆசிகள். அவர் கண்ணும் காலும் நன்றாக இருக்கட்டும். இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
உயிரோடும் பணிவோடும்,
பம்ப் நிலையத்தின் பழைய ஊழியன்

பின்குறிப்பு: மேலே கேட்ட திருத்தத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அண்ணன் வீடு இடிந்து கிடக்கிறது, சரி செய்துவிட்டு வருகிறேன் என்றுதான் தம்பி இங்கிருந்து தன் வீட்டுக்குப் போனில் சொல்லியிருக்கிறான். அவன் மனைவி தங்கள் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவளாம். வீடு நன்றாக இருக்கிறது என்று தாங்கள் அச்சடித்துவிட்டால் அவன் கிளம்ப வேண்டியதுதான். கதவு வேலை முடிந்து நான்கு நாள் ஆகிறது. ஆனால் நேற்றுக் காலையும் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, சரியாக இருக்கிற இடத்தையே இழைத்துக்கொண்டிருந்தான். இப்படியே இழைத்தால் கதவு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் இன்று அவன் குளிக்கப் போனபோது சமையலறை ஜன்னலில் நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு மெதுவாக அவனிடம் காட்டலாம் என்றிருக்கிறேன்.